ஒச்சாண்டி வீட்டுச் செய்முறை நோட்டு

தேனியில் குடியிருக்கும் ஒச்சாண்டிக்கு எழுபத்திரண்டு வயது. பிறந்தது மயிலாடும்பாறை. கூட்டுறவுச் சங்கத்து ரேஷன் கடைகளில் 1979 முதல் 2011 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தார். அத்தனை ஆண்டுகளிலும் தணிக்கைக்கு வந்தவர்கள் அவருடைய இருப்புப் பதிவேட்டில் கண்ட குறை ஒன்றுதான்: 1994இல் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய். அதுவும் பீப்பாய் கசிந்ததால் வந்த குறை. பீப்பாயைத் திருப்பிக் காட்டி, கசிந்த இடத்தில் அதிகாரியின் விரலையே வைத்துத் தடவச் சொன்னாராம்.

ஓய்வுபெற்றபோது அவருக்கு ஓய்வூதியம் இல்லை. கையில் கிடைத்த தொகை வீட்டுக் கடனுக்குச் சரியாகப் போயிற்று. ஆனாலும் அவர் கவலைப்படவில்லை. தன் சேமிப்பு வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினார்.

அந்த இடம் ஊர் விசேஷங்கள். ஆண்டிபட்டி முதல் கம்பம் வரை, கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுதல் எதுவானாலும் போகிறவர்கள் பணம் வைப்பார்கள். அதற்குச் செய்முறை என்று பெயர். விசேஷ வீட்டுக்காரர் அதை நோட்டில் எழுதி வைத்து, வைத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒச்சாண்டி சம்பளம் வாங்கிய முதல் மாதத்திலிருந்து செய்து வந்தார். ஐந்து ரூபாயில் தொடங்கி, ஐம்பத்தொன்று, நூற்றொன்று, ஆயிரம் என்று வளர்ந்தது. யார் வீட்டில், எந்தத் தேதியில், எவ்வளவு என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு இருந்தது. அவர் மனைவி பஞ்சம்மாள் ஒரு பட்டுச்சேலை கேட்ட ஆண்டில்கூட, அந்த மாதம் மூன்று காதுகுத்து இருந்ததால் சேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

போட்டதெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தது. 2023 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. மகன் மதன்குமாரின் மகள் ஓவியாவுக்குக் காதுகுத்து. பத்திரிகை ஒச்சாண்டி பெயரில். அறுநூற்றுப் பதினோரு பேர் செய்முறை வைத்தார்கள். மொத்தம் பதின்மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.

அந்தப் பணத்தை ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ, அதை ஒச்சாண்டி செய்யவில்லை. மற்றவர்கள் நகை வாங்குவார்கள், வட்டிக்கு விடுவார்கள், பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அவர் செவ்வாய்க்கிழமை காலை மொத்தத்தையும் வங்கியில் தன் கணக்கில் கட்டினார். கணக்கு எழுதப்பட்ட பணம் மறைந்து கிடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் எண்பத்தாறாயிரத்து நானூறு போக, பதின்மூன்று லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபத்தாறாயிரம் வட்டி வந்தது. அரிசி, மருந்து, மின்கட்டணம், மேற்கொண்டு போக வேண்டிய விசேஷங்கள் எல்லாம் அதில் நடந்தன.

2025 மார்ச்சில் விரைவுத் தபாலில் வருமான வரித் துறையின் கடிதம் வந்தது. இவ்வளவு ரொக்கம் எங்கிருந்து வந்தது, ஏன் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முன்பே இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டிருந்தார்களாம். அவருக்குப் பான் கார்டு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரின் மின்னஞ்சலுக்கு அவை போயிருந்தன. அந்தக் கடையை மூடி ஒன்றரை வருடமாகிறது.

ஒச்சாண்டி தான் வைத்ததை எழுதிய நோட்டு, காதுகுத்தில் வந்ததை எழுதிய நோட்டு இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் ஆல்பர்ட்டிடம் போனார். ஆல்பர்ட் ஐம்பது வயதுக்காரர், தேனியிலேயே படித்து வளர்ந்தவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கல்யாணத்துக்கு வந்ததா அய்யா?"

"பேத்திக்குக் காது குத்துனோம் சார்."

"அடடா. கல்யாணம் முடிக்கிறவுகளுக்கு வர்ற அன்பளிப்புக்கு வரி கிடையாது. காதுகுத்துக்கு அந்தச் சலுகை இல்ல."

"அதுவும் விசேஷந்தான சார்?"

"நமக்கு விசேஷம். சட்டத்துல அதுக்கு இடமே இல்ல."

"அன்பளிப்புன்னு யாரு சார் சொன்னது? நான் போட்டதுதான் திரும்பி வந்திருக்கு. இந்தா பாருங்க, எந்தெந்தத் தேதியில எங்கன போட்டேன்னு இருக்கு. இப்ப வந்ததையும் நான் திருப்பிச் செய்யணும்."

"அப்பக் கடன்னு சொல்றீகளா?"

"ஒரு வகையில அப்படித்தான்."

ஆல்பர்ட் பேனாவை மூடி வைத்தார். "அந்த வார்த்தைய இந்த ரூமோட விட்டுட்டுப் போயிருங்க. ரொக்கமா ஒரு ஆளுகிட்ட இருபதாயிரமோ அதுக்கு மேலயோ கடன் வாங்குனா, வாங்குன தொகை அளவுக்கு அபராதம். உங்க நோட்டுல அப்படி எத்தனை பேரு?"

"பதினாலு" என்றார் ஒச்சாண்டி, நோட்டைத் திறக்காமலே.

"அன்பளிப்புன்னே வச்சுக்கிருவோம். நெருங்குன சொந்தக்காரவுக குடுத்ததுக்கு வரி இல்ல."

ஒச்சாண்டி முகம் தெளிந்தது. "அறுநூத்திப் பதினோரு பேரும் சொந்தந்தான் சார்."

"சொந்தம்னா யாருன்னு சட்டத்துல பட்டியல் இருக்குங்க அய்யா. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, வீட்டம்மாவோட கூடப் பொறந்தவுக, அப்பா அம்மாவோட கூடப் பொறந்தவுக. மேல போனா தாத்தா, பாட்டி. கீழ வந்தா மகன், பேரன்."

"பங்காளி?"

"இல்ல."

"மாமன் மகன்?"

"இல்ல."

"சம்மந்தி?"

"சம்மந்தியும் இல்ல."

"எம் மகனுக்குப் பொண்ணு குடுத்தவரு, சட்டத்துல ரோட்டுல போறவரா சார்?"

ஆல்பர்ட் சிரிக்கப் பார்த்தார். பெரியவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருவரும் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்கள். சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்கள் வைத்தது நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மிச்சம் ஒன்பது லட்சத்து எழுபத்து நாலாயிரத்து நானூறுக்கு வரி கட்ட வேண்டும்.

"வட்டியெல்லாம் சேத்து ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் ஆல்பர்ட். "ஆனா ஒன்னு. நோட்டு முழுசையும் குடுக்கணும். யாரு, எந்த ஊரு, எவ்வளவுன்னு. பெரிய தொகை வச்ச பதினாலு பேருகிட்டயும் ஆமா நாங்கதான் குடுத்தோம்னு கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கிக் குடுத்தா நல்லது. குடுக்கலைன்னா வந்த வழி தெரியாத பணம்னு முடிவு பண்ணிருவாக. அதுக்கு நூத்துக்கு எழுபத்தெட்டு."

ஆல்பர்ட் கால்குலேட்டரை எடுப்பதற்குள் ஒச்சாண்டி முணுமுணுத்தார்: "பத்து லட்சத்து எண்பத்தோராயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

பதினாறு நாள் தவணை இருந்தது. பதினான்கு பேரையும் நேரில் பார்க்கப் பேருந்திலேயே அலைந்தார். ஆண்டிபட்டி, மயிலாடும்பாறை, சின்னமனூர், கம்பம். சின்னமனூரில் லாரி வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "செய்முறை வச்சதுக்குக் கையெழுத்துக் கேட்ட மொத ஆளு நீங்கதான் மாமா. இனிமே உங்க வீட்டு விசேஷத்துக்கு வக்கீலோட வர்றேன்" என்றான். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர், பேரைக் கொடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து வேண்டாம் என்றார்கள். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

பதினான்காவது ஆள் வேல்பாண்டி. பஞ்சம்மாளின் சித்தப்பா மகன். பஞ்சம்மாள் ஆறு வயதில் தாயை இழந்து அந்தச் சித்தப்பா வீட்டில்தான் வளர்ந்தாள். வேல்பாண்டியை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அவளுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. தாய்வீடு என்றால் அவனுடைய வீடுதான். வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். ஓவியாவின் காதுகுத்தில் தாய்வீட்டு முறையாகத் தட்டு வரிசையோடு வந்து ஒரு லட்சம் ரொக்கமாக வைத்தவன். நோட்டில் எழுபத்திரண்டாவது பெயர்.

ஒச்சாண்டி போவதற்கு முன்னால் அவனே வந்துவிட்டான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"மச்சான், ஊரெல்லாம் ஆதார் கேட்டுத் திரியிறீகளாமே?"

"உக்காரு பாண்டி. உங்கிட்டயும் வரணும்னுதான் இருந்தேன்."

"எங்கிட்ட வராதீக. அதச் சொல்லத்தான் வந்தேன். அந்த ஒரு லட்சம் என் கடைக் கணக்குல கிடையாது. போன வருசந்தான் ஒரு நோட்டீசுக்குப் பதில் சொல்லி முடிச்சேன். உங்க நோட்டுல எம் பேரு போச்சுன்னா நேரா என் கடைக்கு வருவாக. மூணு வருசத்துக் கணக்கக் கொண்டான்னு உக்காருவாக."

"நீ வச்சது உண்மைதான?"

"உண்மையத் தூக்கி அடுப்புலயா போடுறது? ஒரு வரி மச்சான். அறுநூத்திச் சொச்சம் வரியில ஒரு வரி. அந்தத் தாளக் கிழிச்சிருங்க."

"அந்தத் தாள்ல உன்னோட சேத்து இருபத்தஞ்சு பேரு இருக்காகடா."

வேல்பாண்டி அடுப்படிப் பக்கம் திரும்பினான். "யக்கா, கேட்டியா? ரேஷன் கடையில சீனி நிறுத்த மாதிரியே நிறுக்குறாரு. இந்தக் கையில எனக்குச் சோறு ஊட்டுனவ நீ. நீயே சொல்லு."

பஞ்சம்மாள் வெளியே வந்து நின்றாள். "ஏலே, மொதல்ல உக்காந்து காப்பியக் குடி" என்றாள். அவன் உட்காரவில்லை. அவன் போன பிறகு அவள் கணவரிடம் சொன்னாள்: "ஒரு பேருதானங்க. எனக்குன்னு இருக்கது அவன் ஒருத்தன். அவனையாவது விட்ருங்க."

அன்று மதன்குமார் ஓசூரிலிருந்து போனில் வழி சொன்னான். புது நோட்டு ஒன்று வாங்கி, எல்லாப் பெயரையும் படி எடுத்து, மாமா பெயரை மட்டும் விட்டுவிடலாம். மொத்தம் இடிக்குமே என்றார் ஒச்சாண்டி. "அந்த ஒரு லட்சத்தப் பத்து பேருக்குப் பத்துப் பத்தாயிரமாப் பிரிச்சு எழுதுங்கப்பா. எவனாச்சும் ஒரு பேரு. யாரு போய்ப் பாக்கப் போறா?"

ஒச்சாண்டி முடியாது என்று உடனே சொல்லிவிடவில்லை. பஞ்சம்மாளின் முகம் அவர் முன்னால் நின்றது. மறுநாள் கடைவீதியில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து, மேசையில் வைத்து உட்கார்ந்தார். முதலில் அந்தப் பத்துப் பெயர்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தார். வீரபாண்டி, மயிலாடும்பாறை என்று எழுதினார். மயிலாடும்பாறையில் எத்தனை வீரபாண்டி என்பது அவருக்குத் தெரியும். நான்கு பேர். நான்கு பேருடைய தகப்பன் பெயர், வீட்டில் எத்தனை ஆள், எந்த அட்டைக்கு எவ்வளவு அரிசி என்பது வரை தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த ஊர்களின் குடும்ப அட்டைகளை நிரப்பியவர். இல்லாத ஓர் ஆளை எந்தத் தெருவில் குடிவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு ஊர்ப் பெயர் எழுதிப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்து, துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

தவணைக்கு இரண்டு நாள் முன்பு பழைய நோட்டு அப்படியே ஆல்பர்ட்டின் அலுவலகத்தில் ஸ்கேன் செய்யப்பட்டது. எழுபத்திரண்டாவது வரியும் போனது.

"வீட்டுல சொல்லிட்டீகளா அய்யா?" என்று கேட்டார் ஆல்பர்ட். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

"போய்ச் சொல்லணும்" என்றார் ஒச்சாண்டி.

சொன்னார். பஞ்சம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேசவில்லை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவள் பேசிய முதல் பேச்சு, "பாண்டிக்குக் கடுதாசி வந்திருக்காம்" என்பது.

வேல்பாண்டிக்கு வந்த கடிதத்தில் கேட்டிருந்தது அந்த ஒரு லட்சத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால் அவன் பயந்தது வீண்பயமில்லை. ஒரு பதிலில் இருந்து அடுத்த கேள்வி வந்தது. மூன்று வருடக் கணக்கையும் கேட்டார்கள். அவன் ஆடிட்டரை மாற்றினான், கடையில் இரண்டு ஆளைக் குறைத்தான் என்றெல்லாம் வடுகபட்டியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஒச்சாண்டிக்குப் போன் செய்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பஞ்சம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பரில் உத்தரவு வந்தது. நோட்டை அதிகாரி ஏற்றுக்கொண்டார். வரியும் வட்டியுமாக ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்து இருநூற்று அறுபது. ஆல்பர்ட், "தப்பிச்சோம் அய்யா" என்றார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலிருந்து கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. கணக்கையே முடித்தாக வேண்டும். முன்கூட்டி முடித்ததற்குப் பதின்மூன்றாயிரம் பிடித்தார்கள். கையில் வந்ததில் வரியைக் கட்டிவிட்டு, பத்து லட்சத்தை மறுபடியும் போட்டார். இனி மூன்று மாதத்துக்கு இருபதாயிரத்து ஐந்நூறுதான். ஐயாயிரத்து ஐந்நூறு குறைவு. மிச்சமிருந்த ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து எழுநூற்று நாற்பதைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வேல்பாண்டியின் மகள் சிம்ரனுக்குத் தை மாதம் கல்யாணம். ஒரு லட்சம் வைத்தவனுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரமாவது திருப்பிச் செய்ய வேண்டும்.

பத்திரிகை தபாலில் வந்தது. அக்காள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டிய தம்பி, ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தான். பஞ்சம்மாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போகணுமாங்க?" என்றாள். பிறகு அவளே, "போகாம எப்படி இருக்க?" என்றாள்.

2026 ஜனவரி 28. வடுகபட்டி மண்டபத்தில் செய்முறை மேசையில் இப்போது நோட்டு இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டுக் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவர் மைக்கில் பெயரையும் தொகையையும் வாசித்தார். வரிசையில் நின்றபோது ஒச்சாண்டிக்கு ஒன்று தெரிந்தது. முன்னால் நின்ற ஒருவர் தன் பெயரில் பத்தொன்பதாயிரம், மனைவி பெயரில் பத்தொன்பதாயிரம், மகன் பெயரில் பன்னிரண்டாயிரம் என்று மூன்று சீட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே. எந்தச் சீட்டும் இருபதாயிரத்தைத் தொடவில்லை. வாங்கிவிட்டுத் திரும்பியவர்கள் ஒச்சாண்டியைப் பார்த்ததும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

அவர் காசோலையை நீட்டினார். சிம்ரன் பெயரில், ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கல்யாணப் பெண்ணுக்கு அன்பளிப்பு, வங்கி வழியாக. யாரும் எதுவும் கேட்க முடியாத பணம்.

"செக்குக்கு இதுல இடமே இல்லீங்களே" என்றாள் அந்தப் பெண். மைக்கில் வாசித்தவர் கைகாட்ட, வேல்பாண்டி வந்தான். காசோலையை வாங்கி, தேதி முதல் கையெழுத்து வரை படித்தான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டான்.

"சாப்பிட்டுப் போங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

பந்தியில் பஞ்சம்மாள் இலையில் கைவைத்தபடி மைக்கையே கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மோர் ஊற்றும் வரைக்கும் அவர்கள் பெயர் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒச்சாண்டி வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தில் வரவுசெலவு பதியச் சொன்னார். காசோலைப் பணம் எடுக்கப்படவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். ஏப்ரல் 29ஆம் தேதி கடைசியாகப் பதிந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"போடலை" என்றார்.

பஞ்சம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "போட மாட்டான். வாங்கிக்கிட்டா எல்லாம் முடிஞ்சிரும்ல. முடிக்க அவனுக்கு மனசு வரல."

"இல்ல பஞ்சு. ஆயுசுக்கும் என்னையக் கடன்காரனா நிக்க வைக்கப் பாக்குறான்."

"எதுவா வேணா இருக்கட்டும். இன்னும் அத்துப் போகலைல்ல? எனக்கு அது போதும்."

அவர் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து எழுபத்திரண்டாவது வரியைப் பார்த்தார். அதன் கடைசிக் கட்டத்தில் திருப்பிச் செய்த தேதி எழுத வேண்டும். கொடுத்தது ஜனவரி 28. ஆனால் போய்ச் சேரவில்லை. எழுதினாலும் பொய், எழுதாவிட்டாலும் பொய் என்று தோன்றியது. நோட்டை மூடி வைத்தார். அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் செலவுக்கு எடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை, பத்து லட்சத்தோடு சேர்த்துப் போடவும் மனம் வரவில்லை. சேமிப்புக் கணக்கில் அது இரண்டரை சதவிகித வட்டிக்குக் கிடக்கிறது.